தாமதமாக வந்த குரல்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் பனி மெதுவாகத்தான் விலகும். மற்ற நாட்களில் கம்பெனி பஸ்கள் அதைக் கலைத்துக்கொண்டே போய்விடும். இன்றைக்கு அவை இல்லை. மாடி ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும், அதற்கப்பால் தொழிற்பேட்டையின் நீலத் தகரக் கூரைகளும் பாலில் முக்கி எடுத்த மாதிரி நின்றன.

மேகலா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.

அவள் காதுக்குள் வயலின்களும் தபலாவுமாக ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவே இருந்தது. வீட்டில் ஒன்றுமில்லை. வெளியில் நின்று கேட்பவருக்கு ஒரு பெண் குரல் மட்டும் தனியாக ஒரு வரி பாடும். நிற்கும். யாரோ பதில் சொல்ல இடம் விட்டதுபோல மௌனமாக இருக்கும். பிறகு அடுத்த வரியைப் பாடும்.

பாட்டு முடிந்து ஹெட்போனைக் கழற்றியபோது, வீட்டுக்காரம்மா சம்பங்கி வாசலில் கறிவேப்பிலைக் கொத்தோடு நின்றாள்.

"ஏம்மா, தெனமும் பாதிப் பாட்டு பாடி நிறுத்திடற. மீதிய யாரு பாடறது?"

"அவருதாங்க. எந்திரிச்சப்புறம் பாடுவாரு."

"ஒண்ணா உக்காந்து பாடினா ஆகாதா?"

"ஒண்ணா உக்கார நேரம் வரணுமேங்க."

"அதான் நாளைலேருந்து வருதாமே. உன் நாத்தனா ஸ்வாதி சொல்லிச்சு." சம்பங்கி உள்ளறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். "தூங்கறாரா? செரி, தூங்கட்டும். இனிமே ராத்திரியில தூங்கற மனுசன் ஆயிடுவாரு."

சம்பங்கி சொன்னது சரிதான். கல்யாணமாகி மூன்று வருஷமாக மேகலாவும் மாதேஸ்வரனும் ஒரே வீட்டில் வெவ்வேறு வேளைகளில் வாழ்ந்தார்கள். அவளுக்கு போன் அசெம்பிளி கம்பெனியில் பகல் வேலை. அவனுக்கு கியர்பாக்ஸ் கம்பெனியில் பெரும்பாலும் இரவு ஷிப்ட். அவள் பஸ் ஏறும் நேரத்தில் அவன் பஸ்ஸிலிருந்து இறங்குவான். தெருமுனையில் கை காட்டிக்கொள்வார்கள்.

நாளை திங்கட்கிழமை அது மாறப்போகிறது. சூளகிரியில் கம்பெனி புதிதாகக் கட்டியிருக்கும் ஆலையில் சத்தப் பரிசோதனை அறைக்கு மாதேஸ்வரன் பொறுப்பாளர். ஜெனரல் ஷிப்ட். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். மேகலா இதை யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் காபி போடுவதை மட்டும் அடிக்கடி கற்பனை செய்துகொண்டாள்.

அந்தப் பதவி அவனுக்கு வந்தது காதினால். தயாரிப்பு லைன் கடைசியில் ஒவ்வொரு கியர்பாக்ஸையும் பெஞ்சில் ஏற்றி ஓடவிட்டு, அதன் சத்தத்தைக் கேட்டு 'போகலாம்', 'நில்லு' என்று தீர்ப்புச் சொல்கிறவன் அவன். கம்பெனியில் அவனுக்குப் பெயரே காது மாதேசு.

அந்தக் காதுக்காரன்தான் டூயட்டில் தாமதமாக வருகிறான் என்பது போன வாரத்துச் சண்டை.

நடந்தது இதுதான். அவனுடைய தங்கை ஸ்வாதிக்கு அடுத்த ஞாயிறு கிருஷ்ணகிரியில் நிச்சயதார்த்தம். எனக்குப் புடவை கிடவை ஒன்றும் வேண்டாம், அண்ணனும் அண்ணியும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடிக் கொடுங்கள், மண்டபத்தில் போடுகிறேன் என்றாள் அவள். சேர்ந்து பாட நேரமில்லாதவர்கள் தனித்தனியாகப் பாடிச் சேர்க்க முடிவு செய்தார்கள். பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினார்கள். அவள் பெண் குரலைப் பதிந்து வைப்பாள். அவன் வந்து ஆண் குரலைப் பதிந்து வைப்பான். கம்ப்யூட்டருக்குள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுவார்கள்.

போன வாரம் இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கேட்டபோது அவன் குரல் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது. வேண்டாவெறுப்பாகக் கூட வருகிறவனைப் போல. 'உங்களுக்கு இதுல இஷ்டமில்லன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்' என்று சொல்லிவிட்டு மேகலா எழுந்து போனாள். அதற்குப் பிறகு ஒரு வாரமாகத் தெருமுனையில் கை காட்டலும் இல்லை.

ஆனால் கோபம் தீர்ந்த பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கூர்ந்து கேட்டால் அவளுடைய குரலும் கொஞ்சம் பின்னால்தான் இருந்தது. அப்படியென்றால் தப்பு மெஷினிலும் இருக்கலாம்.

அதனால்தான் இந்த அதிகாலை வேலை.

அந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மைக்கில் விழும் குரல் மின்சாரமாக மாறும்போது மிகவும் நலிந்த மின்சாரமாக இருக்கும். அதை ஊட்டி வளர்த்து, எண்களாக மாற்றி, யுஎஸ்பி வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது அதன் ஒரு வேலை. கம்ப்யூட்டர் திருப்பித் தரும் எண்களை மறுபடி சத்தமாக்கி ஹெட்போனுக்கு அனுப்புவது இன்னொரு வேலை. முன்பக்கத்தில் ஒரு குமிழ், அதைச் சுற்றி விளக்கு வளையம். பச்சை எரிந்தால் ஊட்டுவது அளவாக இருக்கிறது. சிவப்பு எரிந்தால் திகட்டுகிறது, குரல் கிழியும்.

போய் வருகிற இந்தப் பயணத்துக்கு நேரம் பிடிக்கும். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதலில் ஏறியவர் கடைசி ஆள் வரும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். குரலின் எண்களை ஒவ்வொன்றாக அனுப்பாது; ஒரு ஆட்டோ நிறையச் சேர்த்துக்கொண்டு அனுப்பும். ஆட்டோ பெரிதாக இருந்தால் குரல் தாமதமாகும். ரொம்பச் சின்னதாக வைத்தால் ஓயாமல் ஆட்டோ விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். பாட்டில் தூறல் விழுவது போலப் பொரபொரப்பு கேட்கும்.

மேகலா பெட்டிக்குரிய டிரைவர் சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் போட்டாள். பொரபொரப்பு வருகிறவரை ஆட்டோவின் அளவைக் குறைத்து, பிறகு ஒரு படி ஏற்றி நிறுத்தினாள். அப்படியும் கொஞ்சம் தாமதம் மிஞ்சும். அதை அளக்க அழகான ஒரு வழி இருக்கிறது. மைக்கை ஹெட்போனின் வாயோடு ஒட்டிவைத்து, கம்ப்யூட்டரை ஒரு 'டக்' போடச் சொல்லி, அதே டக்கைத் திரும்பப் பதிவு செய்வது. திரையில் இரண்டு முட்கள் தெரியும். ஒன்று போன டக், மற்றது வந்த டக். நடுவில் இருக்கும் இடைவெளிதான் பயண நேரம். அதைச் சாஃப்ட்வேரிடம் சொல்லிவிட்டால், பதிந்த குரலை அது அவ்வளவு தூரம் முன்னால் நகர்த்தி வைத்துவிடும்.

அவள் நகர்த்தினாள். அவளுடைய குரல் தாளத்தின் மேல் பூ வைத்த மாதிரி உட்கார்ந்தது.

மாதேஸ்வரனின் பழைய பதிவையும் அதே அளவு நகர்த்தினாள். முக்கால் பாட்டு சரியாகிவிட்டது. ஆனால் சரணங்களுக்கு முன்னால், வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து, பாடுகிறவர் புதிதாக எடுக்க வேண்டிய இடங்களில் மட்டும் அவன் இன்னும் பின்தங்கினான். எல்லாச் சரணத்திலும் அப்படியே.

அது மெஷின் இல்லை. மெஷின் என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பின்தங்க வேண்டும்.

மேகலா கன்னத்தில் கை வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மத்தியானம் மாதேஸ்வரன் எழுந்து வந்தபோது பனி போய் வெயில் வந்திருந்தது. ஓசூர் வெயில், சுடாது. அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றான்.

"இன்னும் கோவமா?"

"பாதி போயிடுச்சு. மெஷினாலதான் பாதி லேட்டு."

"பாத்தியா. நான் சொல்லல?"

"மீதி பாதி நீங்க."

அவன் சிரித்துவிட்டான். ஸ்வாதி தையல்காரரிடமிருந்து வாங்கி வந்த ஜாக்கெட்டுப் பையோடு உள்ளே நுழைந்தாள். அவளுக்கு பெங்களூரில் வேலை; தினமும் இந்த வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்து பாதித் தூக்கத்திலேயே பேசப் பழகியவள்.

"என்ன, புருசன் பொண்டாட்டி பேசிக்கிறீங்க? ஒரு வாரமா நான்தானே நடுவுல தபால் ஆபீஸ் நடத்திகினு இருந்தேன்."

"உனக்கோசரம்தான் இந்தச் சண்டையே," என்றான் மாதேஸ்வரன்.

"நான் பாட்டுதான் கேட்டேன். பஞ்சாயத்து கேக்கல."

சாப்பாட்டுக்குப் பிறகு மேகலா இரட்டைப் பிளக்கில் இரண்டு ஹெட்போன்களைச் சொருகினாள். இந்தப் பாட்டை அவர்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பாடுவது இதுதான் முதல் முறை. ஒரே மைக்; இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டியிருந்தது. அவனிடமிருந்து இரவு ஷிப்ட் எண்ணெய் வாசனை குளித்த பிறகும் லேசாக வந்தது.

வயலின் எழுந்தது. அறை, தெரு, தகரக் கூரைகள் எல்லாம் தூரமாகப் போயின. இந்த உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற ஒரு பாட்டுக்குள் அவர்கள் இருந்தார்கள். எதிரே சுவரில் சாய்ந்திருந்த ஸ்வாதிக்கு இரண்டு வெறும் குரல்கள்தான் கேட்டன. அதற்கே அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பல்லவியில் மாதேஸ்வரன் அற்புதமாக வந்தான். இடையிசை ஓடி, தேய்ந்து, நின்றது. மேகலா ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அவன் தூக்கத்தில் இல்லை. அலட்சியமாகவும் இல்லை. முகம் முழுக்கக் கவனமாக, இருட்டில் படி இறங்குகிறவன் காலால் துழாவுகிற மாதிரி காத்துக்கொண்டிருந்தான். பிறகு எடுத்தான். எடுக்க வேண்டிய இடம் அதற்குள் போயிருந்தது.

"இதான். இங்கதான்," என்றாள் மேகலா, பாட்டை நிறுத்தி.

"அங்க ஒண்ணுமே இல்லையே. வெறும் சும்மா கெடக்குது. நானா குத்துமதிப்பா எண்ணிகினு ஆரம்பிக்கிறேன்."

"குடுண்ணா, நான் பாடறேன்," என்று ஸ்வாதி அவன் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். "இருபத்தஞ்சு வயசாச்சு, எனக்கு ஒரு பாட்டு தனியா பாட விட்டிருக்கீங்களா?"

மேகலா இடையிசையிலிருந்து போட்டாள். ஸ்வாதிக்கு ராகம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தது. ஆனால் சரணத்தை மிகச் சரியான இடத்தில் எடுத்தாள்.

"சுலபம்தானே," என்றாள் அவள் அண்ணனிடம். "அந்த மணிச்சத்தம் நாலு வாட்டி வருது, அதோட ஆரம்பிச்சிரணும். அண்ணி, அது நல்லா இருக்கு, மூக்குத்தி மாதிரி சின்னதா."

"எந்த மணி?" என்றான் மாதேஸ்வரன்.

"வெளையாடாதண்ணா."

"பாட்டுல எங்கடி மணி இருக்குது?"

ஸ்வாதி சிரித்தாள். மேகலா சிரிக்கவில்லை.

அந்த மணியை வைத்தவள் அவள்தான். பாடுகிறவர்களுக்குத் தாளம் காட்டச் சாஃப்ட்வேரில் ஒரு வசதி உண்டு; வாத்தியம் ஓய்கிற இடத்தில் மெல்லிய ஒலி ஒன்றைத் தட்டச் செய்யலாம். மரத்தட்டு, டிரம், பீப் என்று பல சத்தங்கள் இருந்தன. அவற்றில் கிண்ணென்று ஒரு மணியை அழகுக்காகத் தேர்ந்தெடுத்தாள். அவனிடம் அதைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. காது இருக்கிறவர்களுக்குக் கேட்கத்தானே போகிறது.

ஸ்வாதிக்கு போன் வந்தது. நிச்சயம் பண்ணப்போகிறவன். அவள் குரலை மாற்றிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

"ஹெட்போன மாத்திப் பாக்கலாம்," என்றாள் மேகலா. தன்னுடையதை அவனுக்கு மாட்டினாள். மணியை மட்டும் தனியாக ஓடவிட்டாள்.

"போட்டியா?"

"ம்."

"ஒண்ணும் வரலியே."

வயரை மாற்றினாள். சத்தத்தைக் கூட்டினாள். கூட்டியபோது அவன் நெற்றி சுருங்கியது. "ஏதோ இருக்குற மாதிரி இருக்குது. சாமி சத்தியமா தெரியல." அப்புறம் அவள் மணியை எடுத்துவிட்டு மரத்தட்டுச் சத்தத்தைப் போட்டாள். தொக், தொக்.

"ஆங், இது. இத மொதல்லயே போட்டிருக்கலாம் இல்ல," என்றான் அவன். அடுத்த நொடி சரணத்தை எடுத்தான். தாளத்தின் மேல் பூ வைத்த மாதிரி.

அவன் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தான். மேகலாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் முகமும் மாறியது.

அவளுக்கு எத்தனையோ நினைவு வந்தது. இண்டக்‌ஷன் அடுப்பு பீப் பீப் என்று கத்த, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தவன். வாஷிங் மெஷின் முடிந்து கூப்பிட்டும் எழாதவன். 'வீட்டு வேலைன்னா இந்த மனுஷனுக்குக் காதே கேக்காது' என்று எத்தனை தடவை பேசியிருக்கிறாள். ஆனால் அவள் மெதுவாகக் கூப்பிட்டாலும் உடனே திரும்புவான். பேச்சு கேட்கிறது. பாட்டு கேட்கிறது. அப்புறம் எப்படிச் சந்தேகம் வரும்? அதுவும் காது மாதேசுவை?

"என்ன மேகலா?"

"ஒண்ணு பாக்கலாங்க. கண்ண மூடிக்குங்க. ஒரு சத்தம் கீழேருந்து மேல ஏறும். கேக்கற வரைக்கும் கையத் தூக்கியே வெச்சிருங்க."

"கம்பெனில புது ஆளுங்களுக்கு நான் இதத்தான் பண்ணுவேன்," என்றான் அவன். கண்ணை மூடிக் கையைத் தூக்கினான்.

இரண்டாவது ஹெட்போனை அவள் மாட்டிக்கொண்டாள்.

முதலில் தம்புரா போல ஒரு ஆழமான ரீங்காரம். அது மெல்ல மெல்ல உயர்ந்தது. ஆண் குரலைத் தாண்டி, பெண் குரலைத் தாண்டி, புல்லாங்குழலைத் தாண்டி ஏறியது. மலைப்பாதையில் இருவர் சேர்ந்து ஏறுவது போலத்தான் இருந்தது. வார்த்தை ஏதும் வேண்டாத, ஒரே கம்பியின் மேல் நடக்கிற சுகம். மாதேஸ்வரனின் உதடுகள் லேசாக விரிந்திருந்தன.

சத்தம் இன்னும் மெலிந்து, மணியின் உயரத்துக்குப் பக்கத்தில் வந்தபோது அவன் கை தயங்கியது. இறங்கியது. மடிமேல் அமைதியாகக் கிடந்தது.

மேகலாவின் காதில் அது தெளிவாக ஏறிக்கொண்டே இருந்தது. இப்போது பாதையில் அவள் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தாள்.

கொஞ்ச தூரம் கழித்து அவன் கை சந்தேகமாக மறுபடி எழுந்தது. "இப்ப வருது. லேசா."

ஆலைச் சத்தம் காதை மேலிருந்து வரிசையாகத் தின்பதில்லை. உயரமான சத்தங்களின் வரிசையில், ஓரிடத்தில் மட்டும் முதலில் குழி தோண்டும். குழிக்கு இந்தப்பக்கம் கேட்கும், அந்தப்பக்கமும் ஓரளவு கேட்கும். மனிதர் பேசுவது பெரும்பாலும் குழிக்குக் கீழே நடப்பதால் ரொம்ப நாளைக்கு யாருக்கும் தெரியாது. காதுக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. பெஞ்சுக்கு வருவதற்கு முன் மாதேஸ்வரன் எட்டு வருஷம் இரும்புத் தகடுகளை இடித்து வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் இருந்தவன்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"நடுவுல நிறுத்திட்டு மறுபடி போட்டியா?"

அவன் கேட்டது சாதாரணமாகத்தான். ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவள் ஆமாம் என்று சொன்னால் அவன் நம்புவான், பாட்டை முடிப்பார்கள், மரத்தட்டு இருக்கிறது. நாளைக் காலையில் இருவரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், சாயங்காலம் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். இந்த அறையில் இனி பாதிப் பாட்டு இருக்காது. அவள் கேட்டுக்கொண்டிருந்தது அவ்வளவுதான், வேறொன்றும் பெரிதாகக் கேட்கவில்லை.

"இல்லங்க," என்றாள். "நிறுத்தவே இல்ல."

அவன் அவளையே பார்த்தான்.

"மறுபடி போடு."

போட்டாள். இந்த முறை அவன் கண்ணை மூடவில்லை. சத்தம் ஏறி ஏறி அவனுக்கு மறைந்த பிறகு, அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் கண்ணில் தெரிந்தது. அவனுக்கு இல்லாத ஒரு நீளத்தை அவள் முகத்தில் பார்த்து அளந்தான். ரொம்ப நேரம் போனது போல இருந்தது.

"இவ்வளோவா?" என்றான்.

"ம்."

மொட்டைமாடியில் ஸ்வாதி சிரிப்பது கேட்டது. மாதேஸ்வரன் ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுருட்டி, மறுபடி பிரித்து, மறுபடி சுருட்டினான்.

"கியர் பல்லுல சின்னதா அடி பட்டிருந்தா ஒரு டிக்கு வரும் மேகலா. ஊசி மாதிரி. இந்த உசரத்துலதான் வரும். முன்னெல்லாம் ஒரு ஷிப்டுல ரெண்டு மூணு பாக்ஸாவது அப்படி நிக்கும்."

அவள் தன் ஹெட்போனையும் கழற்றி வைத்தாள்.

"இந்த வருசம் அதிகமா ஒண்ணும் வரல. லைன்ல பசங்க சுத்தமா வேல பண்றாங்கன்னு நெனச்சுகினு இருந்தேன். மீட்டிங்ல எந்திரிச்சு நின்னு பாராட்டிக்கூடப் பேசினேன். எல்லாரும் கை தட்டுனாங்க." அவன் வயரை மேசைமேல் வைத்தான். "ரிஜெக்‌ஷன் கொறஞ்சதுன்னுதான் சூளகிரிக்கு என்னப் போட்டாங்க."

"இது வீட்டு மெஷினுங்க. டாக்டர்கிட்ட காட்டலாம். அவங்க பாத்துச் சொல்லட்டும். ஒரு வாரம் கழிச்சு..."

"ஒரு வாரம் நான் அங்க உக்காரணும் இல்ல? காலைல மொத பாக்ஸு பெஞ்சுல ஏறும். போகலாம்னு சொல்லணும். எதக் கேட்டுச் சொல்றது?"

"சொன்னா ஜெனரல் ஷிப்ட் போயிடும்."

"தெரியும்."

"பெஞ்சே போனாலும் போயிடும்."

"அதுவும் தெரியும். நீ நிறுத்தினேன்னு சொல்லியிருந்தா இப்ப பாடிகினு இருந்திருப்பேன்." அவன் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. "ஏன் சொல்லல?"

"நீங்க என்னக் கேட்டீங்க. உங்ககிட்ட இந்தக் காதப் பத்திப் பொய் சொல்ல வரலங்க."

ஜன்னலில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. திரையில் அவர்கள் இருவரின் குரல்களும் பச்சைக் கோடுகளாக, ஒன்றின் கீழ் ஒன்றாக, அசையாமல் கிடந்தன. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

"இப்பவேங்களா?"

"காலைல பஸ் ஏறிட்டா மனசு மாறிடும்."

ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். மணி அடித்தது. இந்த மணி அவனுக்குக் கேட்டது.

"ஏன்ப்பா மாதேசு," என்றது எதிர்முனை. தரப் பிரிவின் மேனேஜர் ராமப்பன். சூளகிரிக்கு அவன் பெயரை எழுதிக் கொடுத்தவர். பின்னணியில் டிவி ஓடியது. "நாளைக்கு ரெடியா? எம்.டி.யே வர்றாரு. உன் பேரச் சொல்லித்தான் நான் நெஞ்ச நிமித்திகினு நிக்கப்போறேன்."

மாதேஸ்வரன் வாயைத் திறந்தான். வார்த்தை எங்கே எடுப்பது என்று தெரியாமல் நின்றான். இடையிசை ஓய்ந்த இடத்தில் நின்ற அதே முகம்.

மேகலா மேசைமேல் இருந்த அவன் கையின்மேல் தன் விரலை வைத்து மெல்ல ஒரு முறை அழுத்தினாள்.

"சார், என் காதுல கோளாறு இருக்குது," என்றான் மாதேஸ்வரன். "மேல் சத்தம் விழல. பல்லு அடிபட்ட டிக்கு எனக்குக் கேக்காது. எத்தன மாசமான்னு தெரியல. நாளைக்கு அந்த ரூம்ல என்ன உக்கார வெக்காதீங்க சார். நான் பாஸ் பண்ண பாக்ஸெல்லாம் மறுபடி கேக்கணும்."

சொல்லி முடித்ததும் அவன் தோள்கள் இறங்கின. மேகலா விரலை எடுக்கவில்லை.

எதிர்முனையில் டிவி நின்றது. ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் வந்தது. ராமப்பன் அதிர்ந்துபோவார், திட்டுவார், இல்லாவிட்டால் டாக்டர் பெயர் ஒன்றைச் சொல்வார் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"அது எனக்குத் தெரியும்ப்பா," என்றார் அவர் தணிந்த குரலில். "போன வருச மெடிக்கல் செக்கப்லயே தெரியும். ரிஜெக்‌ஷன் கொறஞ்சது எதனாலன்னும் தெரியும். இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

ஒவ்வொரு சொல்லும் மாதேஸ்வரனுக்குத் தெளிவாகக் கேட்டது.